பாதி பன்னீர் சோடா

உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாக. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். எங்க வீட்டுக்காரரு ஆணி அடிச்ச லட்சணம். இதுல உக்காருங்க, ஃபேனுக்கு நேரா.

விசாரிக்க வந்திருக்கீகன்னு வாசல்ல நின்ன நிலையிலயே தெரிஞ்சுபோச்சு. கதவைப் பார்க்காம கொடியில காயிற துணியைப் பார்த்தீகள்ல, அதுலதான். மாப்பிள்ளைக்கு அத்தையா. சரி. என் தங்கச்சி ஜெயக்கனி மக இந்துமதியைப் பேசிக்கிட்டு இருக்கீக. தெரியும். தெரியாம என்ன? கூடப் பொறந்தவ வீட்டு விசேஷம் எனக்குத் தெரியாமப் போகுமா? பொண்ணு பார்க்க என்னைக்கு வந்தீக? போன ஞாயித்துக்கிழமையா. ஆமா, ஞாயித்துக்கிழமைதான். சொன்னாக, நாந்தான் மறந்துட்டேன்.

நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா? மாவு மில்லுக்காரியா. அவளுக்கு மாவு அரைக்கிறது போக மிச்ச நேரமெல்லாம் இதான் வேலை. அதனாலதான் என்கிட்ட வந்தீகளாக்கும். சொந்தக்காரங்க மூடி மறைப்பாக, சண்டைக்காரிதான் உள்ளதைச் சொல்லுவான்னு. நல்ல கெட்டிக்காரிதான் நீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

பொண்ணோட அப்பா குடிப்பாரான்னு கேக்குறீக.

ஒரே வார்த்தையில சொல்லிரலாம். நான் இப்ப ஆமான்னு ஒரு சொல்லு சொன்னா நீங்க காப்பியைக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போயிருவீக. சம்பந்தம் இங்கனயே முடிஞ்சுபோகும். அது எனக்கும் தெரியும், எந் தங்கச்சிக்கும் தெரியும். இப்ப அவ குடி என் நாக்குல இருக்கு. தெரிஞ்சும் ஒரு வார்த்தை வந்து சொல்லல பாருங்க. அம்புட்டுத் திமிரு. அதனால முழுசாக் கேளுங்க. நான் பொய் சொல்றவ இல்ல. எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், நல்லதும் சொல்லுவேன் கெட்டதும் சொல்லுவேன். அதுல நல்லது கொஞ்சம் கம்மியா இருக்கும், அது எந் தப்பில்ல.

அந்த ஆளு பேரு தங்கேஸ்வரன். குட்டியானைன்னு சொல்லுவாகல்ல, சின்ன லோடு வண்டி, அது ஓட்டுறான். மரியாதை இல்லாமப் பேசுறேன்னு நினைக்காதீக, என்னைவிடச் சின்னவன். எங்க வீட்டுக்காரரு காலண்டர் அடிக்கிற பிரஸ்ல மெஷின்மேன். ரெண்டு பேரும் சகலை. அக்கா தங்கச்சியைக் கட்டுன சகலைங்க எல்லா வீட்லயும் ஒருத்தனுக்கு ஒருத்தன் முறைச்சுக்கிட்டுத் திரிவாக, பார்த்திருப்பீகளே. மாமனார் வீட்ல உனக்கு என்ன செஞ்சாக, எனக்கு என்ன செஞ்சாகன்னு. இதுக ரெண்டும் அப்படி இல்ல. கல்யாணமான புதுசுலயே ஒட்டிக்கிச்சு. ஒட்ட வெச்ச பசை எதுன்னு சொல்லணுமா? பாட்டில்தான்.

அப்பல்லாம் குடிச்சான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். நல்லாக் குடிச்சான். எங்க வீட்டுக்காரரும்தான். யாரு யாருக்கு ஊத்திக் கொடுத்தான்னு எங்களுக்குள்ள இன்னும் தீர்ப்பு ஆகல. நான் சொல்றேன், அவன்தான். அவ சொல்றா, இவருதான். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு பாக்குகூடப் போட மாட்டாரு. சரி, பாக்குப் போடுவாரு. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சண்டை வந்ததே அதுலதான். ஜெயக்கனி வீடு கட்டிப் பால் காய்ச்சுனா. எங்க பக்கத்துல மூத்த மருமகன்தான் அடுப்பைப் பத்த வெச்சு, பால் பொங்குற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். அம்புட்டுத்தான் வேலை. ஒரு தூணைக் கொண்டாந்து நிப்பாட்டி வெச்சாக்கூட அந்த வேலையைச் செய்யும். சகலைங்க ரெண்டு பேரும் முந்தின நாள் ஊத்துனது எறங்காம வந்து நிக்கிறாக. சொந்தம் பந்தம் எல்லாம் சுத்தி நின்னு பானையையே பார்க்குது. பால் பொங்க நேரமாச்சு. இவரு என்ன செஞ்சாரு தெரியுமா? பானையைத் தூக்கி அடியில எட்டிப் பார்த்தாரு, தீ எரியுதான்னு. அவன் 'அண்ணாச்சி, பார்த்து'ன்னு தாங்கப் போனான். தாங்குன அழகுல பானை போய்ப் புரோகிதர் கால்ல விழுந்துச்சு. அந்த மனுசன் மந்திரத்தை விட்டுட்டு அம்மான்னு கத்துனாரு.

புது வீடு. பால் பொங்கல, கொட்டிப்போச்சு. எவளுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அதுக்காக அத்தனை பேரு முன்னாடி, 'அக்கா, மொதல்ல உம் புருசனைக் கூட்டிட்டுப் போ, என் வீட்டுக்காரரைக் கெடுத்ததே இந்த ஆளுதான்'னு சொல்லலாமா? சொன்னா. நானும் சும்மா வரல. நான் என்ன சொன்னேன்கிறது இப்ப வேண்டாம், அது நம்ம விசாரணையில வராது. அன்னையிலிருந்து அவ வாசலை நான் மிதிக்கல, என் வாசலை அவ மிதிக்கல. ஒரே ஊருதான். அவ பஸ்ல ஏறுனா நான் எறங்கிருவேன்.

ரெண்டு பேரும் அவங்கவங்க புருசன்கிட்டயும் சொல்லிட்டோம். அந்த ஆளோட சேர்ந்து சுத்துனா வீட்டுக்குள்ள வராதேன்னு. இந்த ஒரு விசயத்துல மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒரே புத்தி. சேர்க்கையை வெட்டி விட்டா குடி தன்னால குறையும்னு நினைச்சேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீக? கூடிப்போச்சு. முன்னாடியாவது ரெண்டு பேரும் பேசிக்கிட்டே குடிச்சதுல பாதி நேரம் பேச்சுல போச்சு. தனியாக் குடிக்கிறவனுக்குக் குடிக்கிறதைத் தவிர வேற என்ன வேலை?

நான் பாக்காத வைத்தியம் இல்ல. குடிக்கிறவருக்குத் தெரியாமலே கலந்து கொடுக்கலாம்னு சுவத்துல எழுதிப் போட்டிருப்பாகல்ல, அந்தப் பொடியை வாங்கிச் சாம்பார்ல கலந்தேன். அவரு அன்னைக்குன்னு பாத்து வெளியில சாப்பிட்டுட்டு வந்துட்டாரு. மறந்துபோய் நான் ஊத்திச் சாப்பிட்டேன். எனக்குத்தான் வயித்தாலே போச்சு. பெறகு முனியசாமி கோயிலுக்கு இழுத்துட்டுப் போய்க் கயிறு கட்டுனேன். சாமி முன்னாடி, இனித் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுக் கட்டணும். கட்டுனாரு. கொஞ்ச நாள்ல குளிக்கையில அறுந்துபோச்சுன்னு வெறுங் கையைக் காட்டுறாரு. பாத்ரூம்ல கெடந்த கயித்தை எடுத்துக் காட்டி, அறுந்தது எப்படிக் கத்தரிச்ச மாதிரி இருக்கும்னு கேட்டேன். துண்டை உதறிக் கொடியில போடுறாரு. நாள் பூரா நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். காலையில கேப்பேன், சாப்பிட உக்காந்தா கேப்பேன், படுத்தா கேப்பேன். மனுசன்னா ஒரு பதில் வேணாமா? எம் மகன் சென்னையில வேலை பாக்குறான், 'போனைப் போட்டா நீ திட்டுற சத்தம்தாம்மா கேக்குது'ங்கிறான். நான் யாருக்காகத் திட்டுறேன்?

அவரு தானாக் குறைக்கணும்னு நினைச்சது முருகனாலதான். பக்தின்னு நினைச்சிராதீக. காலண்டர்ல நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு அசையாம உக்காரணும். இவருக்குக் கை நடுங்குதே. கொஞ்சம் நகண்டுபோச்சு. முருகனுக்கு ரெண்டு மூக்கு. வேலுக்கும் நெழல் மாதிரி இன்னொரு வேலு. ஒரு கட்டு முழுக்க அப்படியே வந்திருக்கு. முதலாளி கூப்பிட்டு, 'இன்னொருக்கா இப்படி வந்துச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்க'ன்னுட்டாரு. அன்னைக்கு ஒரு காலண்டரைச் சுருட்டிக் கொண்டாந்து அந்தா அந்தச் சுவத்துல அவரே மாட்டுனாரு. இன்னும் இருக்கு, பாருங்க. பார்த்தா நமக்கே தலை சுத்தும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் குறைக்கப்போறாராம். நான் அத்தனை வருசமா எதிர்ல நின்னேன், என்னைப் பார்த்துக் குறைக்கத் தோணல.

தங்கேஸ்வரன் அந்தப் பிரஸ்லதான் காலண்டர் கட்டு ஏத்த வருவான். நாங்க வீட்டு வாசலைத்தானே அடைச்சோம், பிரஸ் வாசலை அடைக்க முடியுமா? ரெண்டு மூக்கு முருகனை ஏத்துனதும் அவன்தான். அங்க வெச்சுத்தான் பேசியிருக்காக. அவனுக்கும் அவன் பாடு. போதை தெளியாம வண்டியைப் பின்னால எடுக்கையில ஒரு சுவத்துல இடிச்சிருக்கான். அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் புள்ள நின்னுக்கிட்டு இருந்துச்சாம். புள்ளைக்கு ஒண்ணுமில்ல. அவனுக்குத்தான் அதுக்குப் பெறகு கண்ணை மூடுனா அந்தப் புள்ள சீருடைதான் தெரியுமாம். இது எனக்கு எப்படித் தெரியும்னா, அதைச் சொல்றேன்.

ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்காக. சத்தியம் கித்தியம் இல்ல, கயிறு இல்ல. தனியாக் குடிக்கக் கூடாது. குடிக்கணும்னு தோணுனா சகலைக்குப் போனைப் போடணும். அவன் வரணும். வந்தா ஒரே குவார்ட்டர், பாதிப் பாதி. கடை வாசல்ல முன்பின் தெரியாதவன்கூடக் கட்டிங் போடலாமான்னு கேட்டுப் பாதிப் பாதி அடிப்பாகல்ல, அந்தக் கணக்கு. ஒருத்தன் வேண்டாம்னா மத்தவனும் வேண்டாம். இதை ஒரு வைத்தியம்னு எந்த டாக்டராவது சொல்லுவாரா? குடியை நிறுத்தக் குடிகாரனைக் கூப்பிடுறது. கேட்டா சிரிப்பாக.

ஆனா பாருங்க, ஒரு நாளு இவருக்குத் தோணும், அவன் பருத்தி ஏத்திக்கிட்டு வெளியூர்ல இருப்பான். அவனுக்குத் தோணும், இவருக்கு மெஷின் ஓடும். ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தோணுற அன்னைக்கு, எவனாவது ஒருத்தன் 'இன்னைக்கு வேண்டாம் சகலை'ம்பான். பாதி பாட்டில் கால் பாட்டிலாச்சு. பெறகு பன்னீர் சோடாவுல வந்து நின்னுச்சு. அதுவும் பாதிப் பாதிதான். ரெண்டு தடியனுக, ஆளுக்கொரு சோடா வாங்கிக் குடிக்கக் கூடாதா? கூடாதாம். பாதியாக் குடிச்சாத்தான் வேலை செய்யுமாம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது அப்ப, பெறகு இதுக பேசிக்கிட்டதைக் கேட்டுத்தான் தெரிஞ்சது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், மனுசன் பொழுதுசாய வீட்டுக்கு வாராரு, சாராய வாடை இல்ல, பன்னீர் வாசம் அடிக்குது. ரோசாப்பூ வாசம். ஒரு ஆம்பளை மேல ரோசாப்பூ வாசம் அடிச்சா ஒரு பொம்பளை என்னத்த நினைப்பா, நீங்களே சொல்லுங்க. போதாததுக்கு முகத்துல ஒரு தெளிச்சி வேற. சட்டையை மோந்து பார்த்தேன். குடிச்சப்பக்கூட நான் அப்படி அழுததில்ல. சரி, எவ அவன்னு பாத்துரலாம்னு ஒரு நாளு ஆட்டோ வெச்சுப் பின்னாலயே போனேன்.

லாரி செட்டுக்குப் பக்கத்துல எடைமேடை இருக்கு. அங்கன அந்தக் குட்டியானை நிக்குது. பின்னால தட்டியை எறக்கி விட்டு, ரெண்டு பேரும் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காக. நடுவுல ஒரு பாட்டில். பன்னீர் சோடா. எனக்கு ஒரு நிமிசம் மனசு குளுந்துபோச்சு, அதை ஒத்துக்கிறேன். எவளும் இல்ல. அப்படியே திரும்பி வந்திருக்கலாம். என்னதான் பேசுதுகன்னு லாரிக்குப் பின்னால நின்னு கேட்டேன்.

அப்பத்தான் அந்தப் பள்ளிக்கூடப் புள்ள கதையைச் சொல்லி அவன் அழுதான். வளந்த மாடு மாதிரி ஆளு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு அழுறான். இவரு முதுகைத் தடவி விடுறாரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப என் நெத்தியில கை வெச்சுப் பார்க்காத மனுசன். பெறகு இவரு சொல்றாரு, 'வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவ ஆரம்பிப்பா சகலை, அந்தச் சத்தம் கேட்டதும் தொண்டை வறண்டுபோகுது, நேரா கடைக்கு ஓடலாம்னு வருது'ன்னு. அவன், 'எங்க வீட்லயும் அதே சத்தம்தான் அண்ணாச்சி, ஒரே வயித்துல பொறந்ததுகதானே'ங்கிறான். ரெண்டும் சேர்ந்து சிரிக்குது.

என்னைப் பத்தியும் என் தங்கச்சியைப் பத்தியும்தான் பேச்சு. குடியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்கு எப்படி இருக்கும்? போய் நின்னேன். எடைமேடையில இருந்தவுக, லாரிக்காரங்க எல்லாரும் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டேன். சட்டையைப் பிடிச்சு ஆட்டோவுல ஏத்துனேன். இனி வேலை விட்டா நேரா வீடு. அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. அந்த வீட்டுப் பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். இன்னைவரைக்கும் அவரு எடுக்கல. எடுக்க வந்தாலும் நான் விடல.

நேராத்தான் வந்தாரு. வந்து இந்த நாற்காலியில உக்காருவாரு. நான் எதிர்ல உக்காந்து புத்தி சொல்லுவேன். ஒரு வாரம் ஒழுங்கா இருந்தாரு. பெறகு பாத்ரூம்ல தண்ணி தொறந்து விட்ட சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. பாத்தா, வாளிக்குப் பின்னால பாட்டில். முழு பாட்டில். பாதிப் பாதி இல்ல. பழைய சேர்க்கையோட வாசனை, அது அப்படித்தான் திரும்ப வரும். வேற என்ன காரணம் இருக்க முடியும்?

காப்பி ஆறுது, குடிங்க மதினி. மதினின்னே கூப்பிடுறேன். வாயில அப்படி வந்துருச்சு.

அதுக்குப் பெறகுதான் அந்தக் கூத்து. ஒரு சாயங்காலம் தங்கேஸ்வரன் இந்த வாசல்ல வந்து நிக்கிறான். பால் கொட்டுன நாளுக்குப் பெறகு அவன் இந்த வாசலுக்கு வந்தது அன்னைக்குத்தான். 'மதினி, அண்ணாச்சியை ஒரு மணி நேரம் மட்டும் விடுங்க. அவரு இல்லாம என்னாலயும் முடியல. நேத்துக் கடை வாசல் வரைக்கும் போய்ட்டேன்'ங்கிறான். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான், பள்ளிக்கூடத்துல லீவு கேக்குற மாதிரி. நான் கேட்டைத் திறக்கல. 'உன்னை உள்ள விட்டா பாலைக் கொட்டிருவ'ன்னேன். சரிங்க மதினின்னு போய்ட்டான்.

போயிட்டான்னு பார்த்தா, மறுநாள் குட்டியானையைக் கொண்டாந்து எதுத்த வேப்பமரத்தடியில நிப்பாட்டிட்டு உக்காந்துட்டான். தெரு அரசாங்கத் தெரு, அங்க நிக்காதேன்னு நான் சொல்ல முடியுமா? பன்னீர் சோடாவைத் திறந்து, பாதியைக் குடிச்சுட்டு, மிச்சத்தைக் கொண்டாந்து நம்ம காம்பவுண்டுச் சுவத்து மேல வைக்கிறான். திரும்பிப் போய் வண்டியில உக்காந்துக்கிறான். இவரு முத்தத்துல எறங்கி, பாட்டிலை எடுத்துக்கிட்டுச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு குடிக்கிறாரு. ரெண்டு பேரும் தெருவைத் தாண்டிக் கத்திக் கத்திப் பேசிக்கிறாக. இன்னைக்கு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி. பரவாயில்ல சகலை, மத்தியானம் கொஞ்சம் தோணுச்சு. தெருவே வேடிக்கை பார்க்குது. மாவு மில்லுக்காரி அரைக்கிறதை நிப்பாட்டிட்டு வந்து நிக்கிறா. எம் மானம் போகுது. ஆனா வாளிக்குப் பின்னால தேடிப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. அதுக்குப் பெறகும் அப்பப்பத் தேடுறேன். ஒண்ணும் கெடைக்கல.

அன்னையிலிருந்து தினமும் வாரான். மழை பேஞ்சாலும் வாரான். வேலைவெட்டி இல்லாதவன்.

அதோட விட்டானா? ஒரு நாளு பாட்டிலோட ஒரு எவர்சில்வர் டப்பாவையும் சுவத்து மேல வெச்சான். தொட்டுக்கவாம். வறுத்த கடலை, பூண்டைத் தட்டிப் போட்டு, மொளகாய்ப்பொடி தூவி. ஒண்ணை வாயில போட்டதுமே தெரிஞ்சுபோச்சு, ஜெயக்கனி கை. பூண்டைத் தோலோட தட்டுவா, சோம்பேறி. ஆக, புருசன் எங்க வாரான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் அனுப்புறா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. நான் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். ஆனா ஒரு வீட்டு ஏனத்தை வெறுசாத் திருப்பக் கூடாதுல்ல? அது யாரு வீட்டு ஏனமா இருந்தா என்ன. அதுக்காக நாலு முறுக்குப் போட்டு அனுப்புனேன். மறுநாளு அதே டப்பாவுல மாங்காய் வந்துச்சு. நான் மாவடு ஊறுகாய் வெச்சேன். அவ கருவாட்டுத் தொக்கு. இப்படியே போய்ட்டு வருது. பேச்சு வார்த்தை கிடையாது, அதுல நான் உறுதியா இருக்கேன். டப்பா மட்டும்தான்.

ஒருக்கா எனக்குச் சளி பிடிச்சுக் கெடந்தேன். டப்பாவைத் திறந்தா உள்ள சுக்கு, மொளகு, திப்பிலி இடிச்ச பொடி. எனக்குச் சளின்னு அவளுக்கு யாரு சொன்னா? இதுக ரெண்டும்தான். நான் இருமுனா ஊருக்கே தண்டோரா. பொடி நல்லாத்தான் கேட்டுச்சு. அதுவும் எங்க அம்மா சொல்லிக் கொடுத்த பக்குவம், இவ என்ன புதுசாக் கண்டுபிடிச்சா.

ஆனா போன வாரம் செஞ்சா பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. எப்பவும் பொழுதுசாய வாரவன், அன்னைக்கு உச்சி வெயில்ல வந்து நிக்கிறான். சோடா இல்ல, டப்பா மட்டும். வெள்ளைச் சட்டை வேற. திறந்து பார்த்தா கேசரி. நெய் ஒழுகுது. ஓரத்துல ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி. காரமா வர்ற டப்பாவுல கேசரி எதுக்கு? எங்க வீட்ல நெய் ஓடுது பாருன்னு எனக்குக் காட்டுறா. வேற எதுக்கு? அவன் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, 'மதினி, அவ உங்ககிட்ட...'ன்னு இழுத்தான். 'உம் பொண்டாட்டி நெய்யை அவளே வெச்சுக்கச் சொல்லு'ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். எங்க வீட்டுக்காரரு அன்னையிலிருந்து என் முகத்தையே பார்க்கிறாரு, வாயைத் திறக்கிறாரு, நான் முறைச்சதும் மூடிக்கிறாரு. டப்பா இன்னும் அடுப்பங்கரையிலதான் இருக்கு. இந்தத் தடவை வெறும் டப்பாவாத் திருப்பி அனுப்புறதுன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கேன். அதுவே அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும்.

கேசரியா? நான் தொடல. அவரு வேலைக்குப் போன பெறகு ஒரு வாய் போட்டுப் பார்த்தேன், சும்மா, எப்படிக் கிண்டியிருக்கான்னு. முந்திரியைத் தூளா உடைச்சுப் போட்டிருந்தா. கிராம்பு மட்டும் முழுசு முழுசா. அது எங்கன கெடந்து எப்ப வாயில தட்டும்னு தெரியாது.

என்ன மதினி, சிரிக்கீக?

உங்களுக்கும் கிராம்பு தட்டுச்சா.

கேசரிதான் வெச்சாளா உங்களுக்கு? வாழைக்காய் பஜ்ஜியும். ஆமா, பொண்ணு பார்க்க வந்தா அதானே வைப்பாக. ஞாயித்துக்கிழமை. இருங்க. அவன் வந்ததும் ஞாயித்துக்கிழமைதான். தெருவுல லீவு விட்ட புள்ளைக விளையாடிக்கிட்டு இருந்துச்சு. நீங்க எத்தனை மணிக்குப் போனீக? ராகு காலத்துக்கு முன்னாடி, நாலு மணி வாக்குல. அவன் இங்க உச்சி வெயில்ல வந்தான்.

உங்களுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு எடுத்து வெச்சிருக்கா.

பாவி மக. சூடாறாம இருக்கணும்னு வாழை இலையைச் சுத்தி அனுப்பியிருந்தா, நான் இலையைத் தூக்கிக் குப்பையில போட்டேன். நேர்ல வந்து வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? வந்திருந்தா நான் கேட்டைத் திறந்திருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். நெய்யு ஓடுது, காட்டுறான்னு சொல்லி... எம் புத்தியை என்ன சொல்ல. எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல மதினி. இந்துமதிக்குச் சடை பின்னி விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது பூரா இந்தக் கைதான். பால் கொட்டுன அன்னைக்கு அது என் சேலையைப் பிடிச்சுக்கிட்டுப் பெரியம்மா போகாதேன்னு சொல்லுச்சு. நான் உதறிட்டு வந்தேன்.

அழல. வெங்காயம் அரிஞ்ச கையோட முகத்தைத் தொட்டுட்டேன். சரி, அழுறேன், அதுக்கு இப்ப என்ன.

உங்க கேள்விக்கு வாரேன். எழுந்திரிக்காதீக, கேட்டுட்டுப் போங்க. குடிக்கிறதில்ல. தங்கேஸ்வரன் குடிக்கிறதில்ல. சுத்தமான்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். போன தீபாவளிக்கு ஒரு குவார்ட்டர் வாங்குனாக. பாதிப் பாதி, இந்தச் சுவத்து மேல வெச்சே. நான் இங்கன நின்னு பார்த்தேன். அடுத்த தீபாவளிக்கு அதுவும் வேண்டாம்னு பேச்சு ஓடுது. இதைவிடக் குறைச்ச ஆளு வேணும்னா நீங்க கோயில் சிலையோடதான் சம்பந்தம் பண்ணணும். உங்க வீட்ல யாரும் தொடுறதே இல்லையா? மாப்பிள்ளைக்கு அப்பா, உங்க அண்ணன்? ம். சொல்லாட்டி விடுங்க, கீழ பார்க்காதீக. சாயங்காலம் அவரையும் இங்கன அனுப்பி விடுங்க. பாதியை மூணாப் பிரிச்சா ஒண்ணும் குறைஞ்சு போகாது. கேவலமான வைத்தியம்தான். வேலை செய்யுது, நான் என்ன செய்ய?

ஹாரன் கேக்குதா? அவன்தான். ஒரு நாளும் நேரம் தவறாது, அதுல மட்டும் சரியா இருப்பான். எங்க வீட்டுக்காரரும் பிரஸ்ல இருந்து வர்ற நேரம்தான். இருங்க, போயிராதீக, உங்க கண்ணால பாத்துட்டுப் போங்க. எனக்கு அந்த டப்பாவை நிறைக்கணும். முறுக்கு இதுக்கு ஆகாது. சீனிதான் போடணும். சீனி போட்டு மேல குங்குமப் பொட்டலமும் ரெண்டு முழம் பூவும் வெச்சா அவளுக்குப் புரியும். புரியாட்டி அவ எந் தங்கச்சியே இல்ல. நிச்சயத்துக்குக் கேசரி நாந்தான் கிண்டுவேன்னு சொல்லச் சொல்லணும். கிராம்பைப் பொடிச்சுப் போடணும்னு அவளுக்கு இந்த வயசுக்கும் தெரியல.

மதினி, எனக்குக் கை பூரா சீனியா இருக்கு. நீங்க போய் அந்தக் கேட்டைத் திறந்து விடுங்க. கொண்டி துருப்பிடிச்சுக் கெடக்கும், கொஞ்சம் அழுத்தித் தூக்குங்க. பாட்டிலைச் சுவத்து மேல வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. உள்ள கிளாஸ் இருக்கு.